சைலன்சருக்கு ஒரு வழி, ஹோர்னுக்கு இன்னொரு வழி: யாழ்ப்பாணம் எதை முதலில் கேட்க வேண்டும்?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு கூட்டம் கூடினோம். வாகன இரைச்சலைக் கட்டுப்படுத்துமாறு மாநகர சபைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் பொலிஸாருக்கும் மனு அனுப்ப வேண்டும் என்பதில் வந்திருந்த அனைவரும் ஒருமனதாக இருந்தார்கள். அந்த மனுவில் எதைக் கேட்பது என்று பேசத் தொடங்கியபோதுதான் கருத்துகள் பிரிந்தன. ஒருவர் தண்டப்பணத்தைப் பத்து மடங்காக்கச் சொன்னார். பாரிஸில் மகனோடு சில காலம் இருந்துவிட்டு வந்த ஒருவர், அங்கு உள்ளதுபோல இரைச்சலை அளக்கும் கமரா பூட்ட வேண்டும் என்றார். வருடந்தோறும் செய்யும் புகைப் பரிசோதனையோடு ஒலிப் பரிசோதனையையும் சேர்த்தால் போதும் என்பது இன்னொருவரின் கருத்து. ஓய்வுபெற்ற தாதி ஒருவர், வைத்தியசாலைக்கு முன்னால் ஹோர்ன் அடிப்பதை மட்டுமாவது நிறுத்தித் தாருங்கள், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்றார். மனுவை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத உட்கார்ந்தபோது, கேட்கக்கூடிய வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்காமல் ஒரு வரியும் எழுத முடியாது என்று தெரிந்தது. அந்த ஒப்பீடே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாகன இரைச்சல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது யாழ்ப்பாணத்தில் இரண்டு வேறுபட்ட தொல்லைகளாக இருக்கிறது. ஹோர்ன் என்பது சாரதியின் கைச் செயல். குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு கணத்தில், அவர் நினைத்தால் அடிக்காமல் விடக்கூடியது. வெட்டிய சைலன்சர், அதாவது ஒலியை அடக்கும் உட்பகுதி நீக்கப்பட்ட புகைபோக்கி, அப்படியல்ல. அது வாகனத்தின் நிலை. வாகனம் போகும் இடமெல்லாம், சாரதி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கூடவே போவது. ஒன்றுக்குப் பொருந்தும் சட்டம் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதை நான் எழுத உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தேன். கூட்டத்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் முரண்பட்டதற்கும் இதுவே காரணம். தாதி அம்மா ஹோர்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மற்றவர்களில் பலர் சைலன்சரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் இரண்டாவது தொல்லைதான் பெரிது. இரவு ஒன்பதே முக்கால் அளவில் பிரதான வீதியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பும். திருப்பத்திலேயே அதன் வெடிச் சத்தம் தொடங்கிவிடும். முதலில் மூலை வீட்டு நாய் குரைக்கும். பின் எதிர்வீட்டுக் குழந்தை வீரிட்டு அழும். அதன் பிறகே வண்டி எங்கள் படலையைக் கடக்கும். எனது சிறுவயதில் இந்த ஒழுங்கையின் இரு மருங்கிலும் கிடுகு வேலிகள் இருந்தன. இன்று இரு பக்கமும் பூச்சுப் பூசிய மதில். கிடுகும் பூவரசும் ஓரளவேனும் உள்வாங்கிய ஒலியை இந்த மதில்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எறிகின்றன. வீடுகள் பாதுகாப்பாகிவிட்டன, ஒழுங்கையோ ஒரு குழாயாகிவிட்டது.

ஏற்கெனவே இருக்கும் சட்டம்

புதிய சட்டம் கேட்பதற்கு முன்னர் பழைய சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முறை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996ஆம் ஆண்டு இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. மாநகர, நகர சபைப் பகுதிகளில் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல். பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம், புனித இடங்கள் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம், அங்கு பகலில் 50, இரவில் 45 என்று அவை வகுக்கின்றன. படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் இந்த அளவுகள் ஒலி பிறக்கும் காணியின் எல்லையில் அளக்கப்பட வேண்டியவை. அரிசி ஆலைக்கும் மரக்காலைக்கும் காணி உண்டு, எல்லை உண்டு. கஸ்தூரியார் வீதியால் போகும் மோட்டார் சைக்கிளுக்கு எந்தக் காணி, எந்த எல்லை? நகரில் மிக அதிகமான இரைச்சலை எழுப்பும் பொருள் இந்த விதியின் கைக்குள் அகப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த இடைவெளியின் ஒரு பகுதியை 2011ஆம் ஆண்டின் வாகன ஹோர்ன் ஒழுங்குவிதிகள் நிரப்பின. ஒரு வாகனத்தின் ஹோர்ன் ஒலி 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபலையும் 7 மீற்றர் தூரத்தில் 93 டெசிபலையும் தாண்டக் கூடாது என்பது அவற்றின் சாரம். இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்பது பயன் தரும். திறந்த வெளியில், தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 7 மீற்றரில் 93 என்றால் 14 மீற்றரில் 87, 28 மீற்றரில் 81, 56 மீற்றரில் 75. அதாவது, முழுக்க முழுக்கச் சட்டப்படியான ஹோர்ன் ஒன்று, இடையில் மதிலோ கட்டடமோ இல்லாவிட்டால், 56 மீற்றர் தள்ளியிருக்கும் நோயாளர் விடுதியின் யன்னலை 75 டெசிபலில் வந்து தட்டும். அதே இடத்துக்கு 1996ஆம் ஆண்டு விதி இரவில் அனுமதிப்பது 45. ஒரு கணத்து ஒலியையும் அந்த விதி கணக்கெடுக்கும் நேரச் சராசரியையும் நேருக்கு நேர் நிறுத்திவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் 30 டெசிபல் என்பது ஒலியின் ஆற்றலில் ஆயிரம் மடங்கு. ஆகவே ஹோர்னைப் பொறுத்தவரை, 'சட்டத்தை மீறியவரைப் பிடியுங்கள்' என்று கேட்பது வைத்தியசாலைக்குப் போதாது. சட்டத்துக்கு உட்பட்ட ஹோர்னே அங்கு நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது.

நீதிமன்றம் இந்தப் பொருளில் மௌனமாக இருந்ததில்லை. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை வழக்கில், 2007 நவம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்ற அமர்வு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இரைச்சலிலிருந்து மக்களைக் காக்க வினைத்திறனான ஏற்பாடு இல்லாதிருப்பதைச் சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற அரசியலமைப்பு உரிமையோடு அத்தீர்ப்பு இணைத்துப் பார்த்தது. வாகனங்களுக்கு அத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது; எனினும் அமைதியாகத் தூங்குவது ஒருவர் மற்றவருக்கு இரங்கித் தரும் சலுகையல்ல, அரசு காக்க வேண்டிய உரிமை என்ற அடித்தளம் நமது மனுவுக்கு அதிலிருந்து கிடைக்கிறது.

தண்டப்பணமும் திடீர்ச் சோதனையும்

கூட்டத்தில் அதிகக் கைகள் உயர்ந்தது இந்த வழிக்குத்தான். அரசாங்கத்தின் 'கிளீன் சிறிலங்கா' திட்டத்தின் கீழ் 2025 ஜனவரியில் நாடெங்கும் பொலிஸார் நடத்திய நடவடிக்கையில், மாற்றம் செய்த சைலன்சர்களும் பல தொனி ஹோர்ன்களும் தேவையற்ற அலங்கார விளக்குகளும் கழற்றுவிக்கப்பட்டன. பஸ், முச்சக்கரவண்டி உரிமையாளர்களிடமிருந்து உடனே எதிர்ப்பும் கிளம்பியது. இந்தியா இதைவிடக் கடுமையாகப் போயிருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் அங்குள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, இரைச்சல் விதியை மீறி வாகனம் ஓட்டியவருக்கு 10,000 இந்திய ரூபா வரை தண்டமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. மூன்று மாதத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தை இழக்கவும் நேரும். கைப்பற்றிய சைலன்சர்களை வீதியில் அடுக்கி வைத்து றோலர் ஏற்றி நசுக்குவதையும் அங்கு பல நகரங்களில் செய்திருக்கிறார்கள்.

இந்த வழியின் பலம் அதன் வேகம். நாளைக்கே தொடங்கலாம். ஆனால் இரண்டு விடயங்கள் என்னைத் தயங்க வைக்கின்றன. தண்டம் எவ்வளவு பெரிதாகிறதோ, அதை வீதியோரத்திலேயே 'பார்த்து முடித்துக்கொள்ளும்' தூண்டுதலும் அவ்வளவு பெரிதாகிறது. அன்றாடம் கூலிக்குப் போகும் இளைஞனின் ஒரு மாத உழைப்பைப் பறிக்கும் தண்டம் அவனுக்குச் சட்டத்தின் மீது மதிப்பை உண்டாக்கப் போவதில்லை. இரண்டாவதும் முக்கியமானதும், காதால் கேட்டுக் குற்றம் சாட்டுவது. 'எனக்குச் சத்தமாகக் கேட்டது' என்று ஓர் உத்தியோகத்தர் சொல்வதும் 'இது கொம்பனி சைலன்சர்தான்' என்று சாரதி சொல்வதும் நீதவான் முன்னிலையில் சொல்லுக்குச் சொல் நிற்கும். இந்த மாதம் நூறு பேரைப் பிடித்துவிட்டு அடுத்த மாதம் எவரையும் பிடிக்காவிட்டால், அது சட்டமாக நில்லாது, மழையாகவே நினைக்கப்படும். ஒதுங்கி நின்றால் போய்விடும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள்.

ஆகவே தண்டத்தைக் கூட்டுமாறு கேட்பதைவிட, காதுக்குப் பதிலாகக் கருவியை வைக்குமாறு கேட்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். நின்ற நிலையிலுள்ள வாகனத்தின் புகைபோக்கி ஒலியை அளப்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட முறை ஒன்று உண்டு. ஒலிவாங்கியைப் புகைபோக்கி வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகைச் சாய்வில் வைத்து, இயந்திரத்தைக் குறித்த ஒரு சுழல்வேகத்தில் நிறுத்தி அளப்பது அது. உயர் சுழற்சி கொண்ட மோட்டார் சைக்கிள்களுக்கு உச்ச வலுத் தரும் வேகத்தின் சரிபாதி. மூன்று மீற்றருக்குள் மதில், வாகனம் போன்ற தடைகள் இருக்கக் கூடாது. சூழல் இரைச்சல் அளக்கும் ஒலியைவிடக் குறைந்தது 10 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். செக்கனுக்கு 5 மீற்றரை மிஞ்சிக் காற்று வீசினால் அளக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் இதற்கு இடம் எங்கே என்று யோசித்தால், வெளியாகத் தோன்றும் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இது முடியாது; முற்றவெளியின் உட்புறம், அல்லது திருநெல்வேலிப் பக்கத்தில் ஏதாவது ஒரு விளையாட்டு மைதானத்தின் ஓரம் பொருந்தும். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை இது.

எந்த எண்ணை எல்லையாக வைப்பது என்பதற்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. நமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவை. 2005 முதல் அங்கு தயாரிப்பாளர்களுக்கு உள்ள விதி, 80 முதல் 175 சீசீ வரையான மோட்டார் சைக்கிள் கடந்து செல்லும்போது 77 டெசிபலையும், அதற்கு மேற்பட்டது 80 டெசிபலையும் தாண்டக் கூடாது என்பது. அதாவது தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்த வண்டிகள் அமைதியாகவே வருகின்றன. அந்த அளவு 7.5 மீற்றர் தள்ளி, ஓடும் வண்டியில் எடுப்பது. அரை மீற்றரில் நின்ற வண்டியில் எடுக்கும் எண்ணோடு அதை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆகையால் நின்ற நிலைக்கான எல்லையை வகைவாரியாக வர்த்தமானியில் அறிவிக்குமாறு மத்திய சுற்றாடல் அதிகார சபையைக் கேட்பது மனுவில் இடம்பெற வேண்டிய ஒரு வரி. அளந்த பெறுமானம், நேரம், இடம் ஆகியவை எழுதிய துண்டு தமிழில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு வரி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்று 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் சொல்கிறது. தான் வாசிக்க முடியாத மொழியில் தன் குற்றத்தைப் பெற்றுக்கொள்பவன் திருந்துவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வருடாந்தப் பரிசோதனை

இந்த வழி எனக்கு ஆரம்பத்தில் மிகவும் பிடித்திருந்தது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் தேவை என்பதால், வாகனங்கள் எப்படியும் வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனை நிலையத்துக்கு வருகின்றன. அங்கேயே ஓர் ஒலிமானியையும் வைத்துவிட்டால் எவரையும் வீதியில் மறிக்கத் தேவையில்லை, எவர் முகத்தையும் பார்த்து வேறுபாடு காட்ட இடமில்லை. நிர்வாகத்தின் கண்ணால் பார்த்தால் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு இல்லை.

அந்த எண்ணத்தை மாற்றியது நான் வழமையாகப் போகும் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை. சுவரில் வரிசையாக அடித்த ஆணிகளில் கம்பி கட்டித் தொங்கவிட்ட சைலன்சர்கள் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ரால் வாகன இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள். பழுதானவையோ என்று கேட்டேன். இல்லை, எல்லாம் நல்லவை, 'ஒரிஜினல்' என்றார் கடைக்காரர். பொடியள் வேறு குழாய் பூட்டிக்கொண்டு போகிறார்கள். புகைக்குப் போகும் நாளில் கொண்டுவந்து இதைப் பூட்டுவார்கள். சான்றிதழ் எடுத்த பின்னேரமே மறுபடியும் கழற்றுவார்கள். இரண்டு நட்டும் ஒரு கவ்வியும், பத்து நிமிட வேலை. அவர் இதை ஒளிக்கவும் இல்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. 'நான் செய்யாவிட்டால் அடுத்த கடையில் செய்வார்கள், அண்ணை' என்பது மட்டும் அவர் சேர்த்துச் சொன்னது.

வருடத்தில் ஒரு நாள் அளக்கும் சோதனை, அந்த ஒரு நாளை மட்டுமே அமைதியாக்கும். அதற்காக இந்த வழியை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. பஸ், லொறி, டிப்பர் போன்றவற்றுக்கு வருடந்தோறும் தகுதிச் சான்றிதழ் வழங்கும்போது, ஹோர்ன் ஒலியை அளந்து பதிந்து வைத்தால், பின்னர் வீதியில் அளக்கும் எண்ணோடு ஒப்பிட அது உதவும். வீதியோர அளவைக்குத் துணையாக இருக்கலாம். அதன் இடத்தை நிரப்ப முடியாது.

கடைக்காரர் சொன்ன கடைசி வசனம் இன்னொரு வழியை நினைவூட்டியது: பூட்டுபவரையும் விற்பவரையும் பொறுப்பாக்குவது. ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தேடித் திரிவதைவிட, சில டசின் கடைகளோடு பேசுவது எளிது என்பது உண்மை. எல்லாக் கடைக்கும் ஒரே விதி என்றால், 'அடுத்த கடையில் செய்வார்கள்' என்ற சாட்டும் இல்லாமல் போகும். ஆயினும் எடுத்த எடுப்பிலேயே தண்டனை என்று தொடங்கக் கூடாது. இந்தக் கடைகள் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ நடத்தும் சிறு தொழில்கள். கடனில் வாங்கிய கருவிகள், வாடகைக்கு எடுத்த கொட்டில். தடுப்புத் தகடு இல்லாத குழாயை விற்பதையும் பூட்டுவதையும் குறித்த ஒரு திகதியிலிருந்து தடுப்பது, அதுவரை கையிருப்பைத் தீர்க்க அவகாசம் தருவது, கழற்றிய சைலன்சரை மறுபடி பூட்டும் கூலியை வண்டிக்காரரே கொடுப்பதால் கடைக்கும் அதில் வருமானம் உண்டு என்று எடுத்துச் சொல்வது என்ற வரிசையில் போனால், கடைக்காரர்களையே இந்த முயற்சியில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பது என் நம்பிக்கை.

கமராவும் நீதவானும்

பாரிஸ் கமராவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அங்கு 2019ஆம் ஆண்டு இறுதியில் வந்த போக்குவரத்துச் சட்டம் இதைப் பரீட்சார்த்தமாகச் செய்ய இடம் தந்தது. 2022இல் கருவிகள் வீதிக்கு வந்தன. பல ஒலிவாங்கிகள் கொண்ட கருவி ஒலி வந்த திசையைக் கண்டு, வாகனத்தின் இலக்கத் தகட்டைப் படமெடுக்கும். அதற்கென வைத்த தண்டம் 135 யூரோ. அகன்ற வீதியில், வாகனங்கள் இடைவெளி விட்டுப் போகும் இடத்தில் அது வேலை செய்யலாம். சத்திரச் சந்தியில் ஒரு பஸ், மூன்று முச்சக்கரவண்டி, எட்டு மோட்டார் சைக்கிள், நடுவே ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஆகியவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும்போது, ஒலி எதிலிருந்து வந்தது என்று எந்தக் கருவி நீதிமன்றத்தில் ஐயமறச் சொல்லும்? ஒழுங்கைக்குள்ளே அது வரவும் போவதில்லை. ஒரு கமராவின் விலையில் கையடக்க ஒலிமானிகள் பலவற்றை வாங்கலாம். இந்த வழியை மனுவிலிருந்து நீக்கிவிட்டேன். முன்மொழிந்த ஐயா இதை வாசித்தால் மன்னிப்பார் என்று நினைக்கிறேன்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க முடியும். இடம் பெயராத தொல்லைக்கு இது நல்ல ஆயுதம். இரவிரவாக இயந்திரத்தை முறுக்கிப் பார்க்கும் திருத்தகம், விடியற்காலையில் வீடுகளுக்கு நடுவே அரை மணி நேரம் இயந்திரத்தை இயங்கவிட்டு நிற்கும் பஸ் தரிப்பிடம் போன்றவற்றுக்கு இதை நாடலாம். ஓடும் வண்டிக்கு இது உதவாது.

ஹோர்னுக்கு எது பொருந்தும்?

இப்போது தாதி அம்மாவின் கோரிக்கைக்கு வருகிறேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் மத்திய பஸ் நிலையமும் ஒன்றுக்கொன்று அருகில் அமைந்திருப்பது நமது நகரத்தின் தலைவிதி. இலங்கையின் வடபகுதி முழுவதிலிருந்தும் நோயாளர் வந்து சேரும் இடமும், குடாநாட்டின் பஸ்கள் புறப்படும் இடமும் ஒரே வீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. 100 மீற்றர் அமைதி வலயத்தைச் சட்டம் 1996இலேயே வரைந்துவிட்டது. ஆனால் அந்தக் கோடு காகிதத்தில் இருக்கிறது, வீதியில் இல்லை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒரு சாரதிக்கும் தெரியாது.

இடத்தை வரையறுத்துத் தடை செய்யும் வழி நமக்குப் புதியதன்று. ஒவ்வோர் ஆண்டும் நல்லூர் கந்தசுவாமி கோவில் மகோற்சவத்தின் 25 நாள்களிலும் கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்து தடை செய்யப்படுகிறது; வீதித் தடைகள் போடப்படுகின்றன; மாற்று வழிகள் அறிவிக்கப்படுகின்றன. பஸ்காரரும் வியாபாரிகளும் முணுமுணுத்தாலும் அதன்படி ஒழுகுகிறார்கள். ஏன்? எல்லை கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் எல்லோருக்கும் விளங்குகிறது, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. முருகனுக்காக இருபத்தைந்து நாள் செய்ய முடிந்ததை, நோயாளிக்காக ஆண்டு முழுவதும் சில நூறு மீற்றர் தூரத்துக்கு, அதுவும் வீதியை மூடாமல் ஹோர்னை மட்டும் நிறுத்திச் செய்ய முடியாதா என்று கேட்பது மிகையான கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை.

நகர் முழுவதும் ஹோர்னைத் தடுத்த ஊரும் உண்டு. காத்மாண்டுவில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, நேபாளப் புத்தாண்டு நாளில், அவசியமின்றி ஹோர்ன் அடிப்பது தடை செய்யப்பட்டது. ஒழுங்கற்ற நெருக்கடிப் போக்குவரத்துக்குப் பேர் போன அந்நகரில் ஹோர்ன் இல்லாமல் வாகனம் ஓடாது என்று சொன்னவர்கள் வியக்கும் அளவுக்கு மாற்றம் தெரிந்தது. ஆயினும் நமது முதல் கோரிக்கையாக நகர் முழுவதையும் கேட்க நான் விரும்பவில்லை. நாய், மாடு, திடீரென ஒழுங்கையிலிருந்து வெளிப்படும் சைக்கிள் ஆகியவற்றுக்கு நடுவே ஓட்டும் சாரதிக்கு ஹோர்ன் சில வேளை உயிர் காக்கும் கருவி. வாகனங்கள் மெதுவாகவே ஊரும் வைத்தியசாலை வீதியில் அந்தத் தேவை மிகக் குறைவு. அங்கு அடிக்கப்படும் ஹோர்ன் பெரும்பாலும் எச்சரிக்கைக்காக அல்ல, முன்னால் நிற்பவரை அவசரப்படுத்தவும் பயணிகளைக் கூப்பிடவும் அடிக்கப்படுவது.

பயணிகளைக் கூப்பிட என்ற சொல்லில்தான் தீர்வின் மறுபாதி இருக்கிறது. சிற்றூர்தி ஒன்று தரிப்பிடத்தை நெருங்கும்போது நீட்டி அடிக்கும் ஹோர்ன், பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன் ஆள் ஏற்றும் போட்டியின் குரல். நேர அட்டவணை ஒழுங்காகப் பேணப்பட்டால் அந்தப் போட்டியின் தேவை பாதியாகக் குறையும். தனியார் பஸ்களுக்கான வழி அனுமதிப்பத்திரத்தை மாகாணத்துக்குள் வழங்குவது வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணங்களுக்கு இடையிலான சேவைகளுக்கு வழங்குவது தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு. அந்த அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளில் பல தொனி ஹோர்ன் கூடாது, அமைதி வலயத்தில் ஹோர்ன் கூடாது என்ற இரண்டு வரிகளைச் சேர்ப்பதற்கு நாடாளுமன்றம் போகத் தேவையில்லை. தண்டம் கட்டிவிட்டு மறுநாளும் அடிக்கலாம். அனுமதிப்பத்திரம் ஒரு வாரத்துக்கு நிறுத்தப்படும் என்றால் உரிமையாளரே சாரதியைக் கட்டுப்படுத்துவார். எனக்குத் தெரிந்த வழிகளில், செலவு மிகக் குறைந்ததும் பலன் மிக விரைவாகத் தெரியக்கூடியதும் இதுதான்.

மனுவின் வரிசை

ஆகவே மனுவை இப்படி எழுதியிருக்கிறேன். முதற் கோரிக்கை வைத்தியசாலைச் சூழலுக்கான ஹோர்ன் தடை: மாநகர சபை வலயத்தின் இரு முனைகளிலும் தெளிவான பலகைகளும் வீதியில் வர்ணக் கோடும் இட வேண்டும், போக்குவரத்து அதிகார சபை அனுமதிப்பத்திர நிபந்தனையைச் சேர்க்க வேண்டும், அம்புலன்ஸுக்கு விலக்கு இருக்க வேண்டும். இரண்டாவது, வெட்டிய சைலன்சருக்கு இரவு நேர வீதியோர அளவை. முதல் தடவை அளவைத் தாண்டியவருக்குத் தண்டம் வேண்டாம். பதினான்கு நாளுக்குள் உரிய சைலன்சரைப் பூட்டி, அதே இடத்துக்கு வந்து மறுபடி அளந்து காட்ட வேண்டும் என்ற அறிவித்தல் மட்டும். வராதவருக்கும், மறுபடி அகப்படுபவருக்கும் நீதிமன்றம். ஆணியில் தொங்கும் சைலன்சரைக் கீழே இறக்கவைக்கும் வலு, எப்போது மறிப்பார்கள் என்று தெரியாத இரவுச் சோதனைக்குத்தான் உண்டு, நாள் தெரிந்த வருடாந்தச் சோதனைக்கு இல்லை. கடைகளுக்கான விதியையும் தகுதிச் சான்றிதழோடு ஹோர்ன் அளவையையும் மூன்றாவதாக வைத்திருக்கிறேன். அவை கொழும்பில் தீர்மானிக்கப்பட வேண்டியவை, காலம் எடுக்கும்.

சைலன்சரை முதலில் வைக்க வேண்டும் என்று எங்கள் ஒழுங்கையில் சிலர் இன்னும் சொல்கிறார்கள். அவர்களுடைய தூக்கம் கெடுவது எனக்குத் தெரியும், என்னுடையதும் கெடுகிறது. ஆனால் எழுந்து யன்னலைச் சாத்த நமக்குக் கால்கள் இருக்கின்றன. சத்திரசிகிச்சை முடிந்து, மூக்கில் குழாயோடு வீதிப் பக்கக் கட்டிலில் கிடப்பவருக்கு அதுவும் இல்லை. முதலிடம் அவருக்கே.

பலகை நடுவதற்கு முன்னர் இருந்த நிலை பதியப்படாவிட்டால், பின்னர் குறைந்ததா கூடியதா என்று எவராலும் சொல்ல முடியாது. தாதி அம்மா தானே அதற்கு முன்வந்திருக்கிறார். மனு கையளிக்கப்படுவதற்கு முந்திய வாரத்தில், காலையில் ஒரு மணி நேரமும் இரவில் ஒரு மணி நேரமும், உயர்தர வகுப்பு மாணவர் இருவரோடு வைத்தியசாலை வாசலில் இருந்து, பஸ், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், ஏனையவை என்று நான்கு நிரல் கீறிய கொப்பியில் ஒவ்வொரு ஹோர்னுக்கும் ஒரு கோடு போடப்போகிறார். பலகை நட்டு மூன்று மாதம் கழித்து, அதே வாசலில், அதே நேரத்தில், அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில் மறுபடியும் எண்ணுவார்கள்.